எங்கள் இரத்தத்துக்கு என்ன மறுமொழி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரக நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காகப் இலங்கையின் வடமுனையான பருத்தித்துறையிலிருந்து தென்முனையான தேவேந்திரமுனை வரை துவிச்சக்கரவண்டியில் சென்ற தம்பதியரைப் பற்றிய செய்தியைப் படத்துடன் வெளியிட்டிருந்தீர்கள். மறுவாரம் அதற்கு எதிராக வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் பிரசுரித்திருந்தீர்கள். கனடாவிலிருந்து விமானச் சீட்டெடுத்து வந்து சைக்கிள் ஓடிக் காட்டியதற்குப் பதிலாக, அந்தக் காசை வவுனியாவில் நாலு நோயாளிகளின் கையில் கொடுத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும் என்றும், ஏழைக்குத் தேவை மருந்தேயொழிய ஆராய்ச்சியல்ல என்றும் அவர் எழுதியிருந்தார். அவருடைய கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மற்றப் பாதியை மறுப்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

நான் செட்டிகுளத்திலும் பின்னர் வவுனியா வடக்கிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். அந்தத் தம்பதியர் ஓர் இரவு புளியங்குளத்தில் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். கனகராயன்குளத்துக்குக் கிட்ட மனைவியின் சைக்கிள் செயின் அறுந்து, அங்கிருந்த திருத்தகத்துப் பொடியன் ஒரு கண்ணியைக் குறைத்து அதனைப் பொருத்திக் கொடுத்ததனால், இருட்டிய பிறகே வந்து சேர்ந்தார்கள். இருவரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். ஆடிச் சோழகம் முகத்தில் அறைய, ஆனையிறவிலிருந்து தெற்கு நோக்கி மிதித்து வந்த களைப்பு இருவர் முகத்திலும் தெரிந்தது. முறிகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்துவிட்டு வாங்கிய கச்சானில் மிச்சத்தை என் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். விமானச் சீட்டும் வழிச்செலவும் தங்கள் சொந்தப் பணம் என்றும், ஏறத்தாழ அறுநூறு கிலோமீற்றரில் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இவ்வளவு என்று ரொறன்ரோவிலுள்ள உறவினரும் நண்பர்களும் வாக்களித்த தொகை முழுவதும் ஆராய்ச்சிக்கே போகிறதென்றும் சொன்னார்கள். நான் கேட்காமலே கணக்கைக் காட்டினார்கள். வெளிநாட்டுக் காசு என்றால் வன்னியில் எல்லோரும் முதலில் கணக்கைத்தான் கேட்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி, ஆராய்ச்சி யாருக்குத் தேவை என்ற கேள்விக்கு வருகிறேன். நமது பகுதியிலும் வடமத்திய மாகாணத்திலும் கமக்காரரைத் தின்றுவரும் இந்த நோய்க்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் பெயர், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்பதாகும். நீரிழிவு இல்லை, உயர் இரத்த அழுத்தம் இல்லை, ஆனாலும் நாற்பது வயதில் சிறுநீரகம் சுருங்கிப்போகிறது. 1990களில் மதவாச்சி, பதவியா ஆகிய பக்கங்களில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இந்நோய்க்கு முப்பது ஆண்டுகளாகியும் அந்தப் பெயர் மாறவில்லை. தெரியாது என்பதைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் நோய்க்கு ஆராய்ச்சி வேண்டாமென்றால், வேறு எந்த நோய்க்கு வேண்டும்?

காரணங்களாகச் சொல்லப்பட்டவை பல. கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் என்கிறார்கள். கட்மியம், ஆசனிக்கு என்கிறார்கள். களைநாசினியும் பூச்சிநாசினியும் என்கிறார்கள். வெயிலில் தண்ணீர் குடியாமல் நெடுநேரம் வேலை செய்வது என்கிறார்கள். நோவுக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளையும் பரம்பரையையும் சொல்பவர்களும் உள்ளனர். இவற்றுள் ஒன்றா, பல சேர்ந்தா என்பது இன்னும் தீரவில்லை. தீராதிருக்கும்போதே தீர்மானம் எடுத்தால் என்னவாகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2015இல் கிளைபோசேற் என்ற களைநாசினியை நாடு முழுவதும் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். அதுதான் குற்றவாளி என்பதும் நிறுவப்படவில்லை, அல்ல என்று எல்லோரும் ஒப்பக்கூடிய முடிவும் இல்லை. நடுவில் வரம்பில் நின்று கையால் புல்லுப் பிடுங்கியவன் நம்முடைய கமக்காரன்.

உலக சுகாதார நிறுவனத்தின் பங்களிப்புடன் நடைபெற்று 2013இல் வெளியான பெரிய ஆய்வில் அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களின் மக்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். வன்னி மாவட்டங்கள் அதில் இல்லை. வவுனியாவிலிருந்து மதவாச்சிக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் கூட ஆகாது. அதே செம்மண், அதே குளத்து நீர்ப்பாசனம், அதே வெயில், கேத்தலின் அடியில் அதே வெள்ளைப் படிவு. ஆய்வுப் படிவம் மாத்திரம் மாவட்ட எல்லையில் நின்றுவிட்டது. யுத்தம் முடிந்த கையோடு நடந்த வேலை என்பதனால் அன்றைக்கு அதற்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆய்வின் எண்களை எடுத்து நம்முடைய நோய்க்கும் அதுவே விளக்கம் என்று சொல்வதை ஒரு சுகாதாரப் பரிசோதகனாக நான் ஏற்கமாட்டேன். வேறு ஊர்க் கிணற்றின் தண்ணீரைச் சோதித்துவிட்டு என் கிணற்றுக்கு எவரும் சான்றிதழ் தர முடியாது.

நாலு நோயாளிகளுக்கு உதவுவது நல்ல காரியந்தான். அதை இழித்துப் பேசவில்லை. ஆனால் இந்த நோயில் உதவி என்பது எந்தக் கட்டத்தில் போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். சிறுநீரகத்தின் வேலையில் ஏறத்தாழப் பாதி போன பின்னரே சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேற்றினினின் அளவு இரத்தத்தில் கூடத் தொடங்கும். அதுவரை நோவில்லை, வீக்கமில்லை, வயலுக்குப் போய்வருவார். கடைசிக் கட்டத்தில் கண்டுபிடித்தால், கிழமையில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம், இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கவேண்டும். கிராமத்திலிருந்து அவரைக் கூட்டிச் செல்வதற்கு ஒரு மகனோ மனைவியோ கூலிவேலையை விடவேண்டும். பொலன்னறுவையில் 2021இல் சீன உதவியுடன் சிறுநீரக வைத்தியசாலை திறக்கப்பட்டதை வரவேற்கிறேன். ஆயினும் எத்தனை இயந்திரம் வாங்கினாலும், வரிசையின் பின்னால் புதிதாக வந்து சேருபவர்களின் தொகை குறைவதற்கு, அவர்கள் ஏன் வந்து சேருகிறார்கள் என்று தெரியவேண்டுமே. ஊருக்கு ஊர் வைத்துக் கொடுத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரங்களில் வடிகட்டிச் சுத்திகரித்த தண்ணீரைக் குடிக்கும் குடும்பங்களில் நோய் உண்மையிலேயே குறைகிறதா என்பதை வருடக்கணக்கில் இருந்து எண்ணிப் பார்ப்பதும் ஆராய்ச்சிதான். அதற்கு நாடா வெட்ட எவரும் வருவதில்லை.

சைக்கிள் ஓடி நோய் மாறுமா என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். மாறாதுதான். ஆனால் ஓடியவர்களின் வரலாறு கொஞ்சம் இருக்கிறது. எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த ரெரி பொக்ஸ் என்ற கனடிய இளைஞர், 1980 ஏப்ரலில் பொய்க்காலுடன் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கி, 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் கடந்த நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதனால் நிறுத்தினார். அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார். அவர் கேட்டது வைத்தியசாலைக் கட்டடத்துக்கல்ல, ஆராய்ச்சிக்கு. கனடியர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டொலர். இறப்பதற்கு முன்பே அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. ரொறன்ரோவில் தங்கள் பிள்ளைகள் பாடசாலையில் ஆண்டுதோறும் செப்ரெம்பரில் அவர் பெயரால் ஓடியதைப் பார்த்தே தமக்கு இந்த யோசனை வந்ததென்று அந்த அம்மா சொன்னார். நம்முடைய வீதியிலும் இது புதிதல்ல. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டியவர்கள் இதே ஏ9 வீதியால்தான் போனார்கள். சிங்களவரும் தமிழரும் கலந்து போன அந்தக் கூட்டத்துக்கு இங்குள்ளவர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த நடை கட்டடமாக எழுந்து நிற்பதனால் அது வீண் என்று எவரும் சொல்வதில்லை. ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே அதன் குறை.

இங்கேதான் அந்த வாசகரின் கோபத்தில் எனக்குள்ள பங்கைச் சொல்லவேண்டும். நான் பதவியிலிருந்த காலத்தில் ஆய்வுக் குழுவொன்று எங்கள் பிரிவுக்கு வந்து, வீடு வீடாக இரத்தமும் சிறுநீரும் கிணற்றுத் தண்ணீரும் எடுத்துச் சென்றது. அந்த வீடுகளுக்கு அவர்களைக் கூட்டிச் சென்றவன் நான். ஊசிக்குப் பயந்த வயோதிபர்களை "உங்கட நன்மைக்குத்தான்" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்ததும் நான். ஒப்புதல் படிவத்தின் தமிழ், படித்தவர்களுக்கே விளங்காத தமிழ். போனவர்கள் போனவர்கள்தான். ஆறு மாதம் கழித்துக் கடிதம் எழுதினேன், பதிலில்லை. இடமாற்றமாகி, ஓய்வும் பெற்ற பிறகு, செட்டிகுளம் சந்தையில் ஒரு முதியவர் என்னை மறித்து, "ஐயா, எங்கட ரத்தத்துக்கு என்ன மறுமொழி?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவருடைய மூத்த மகன் அந்த நேரம் கிழமைக்கு இரண்டு தடவை இயந்திரத்தில் இருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். மாதிரி கொடுத்த வீடுகளில் அதுவும் ஒன்று.

ஆகவே, ஆராய்ச்சி என்றதும் முகம் சுளிக்கும் கமக்காரனை அறியாமைக்காரன் என்று நான் சொல்லமாட்டேன். அவன் தன்னிடமிருந்து எடுத்துப்போனதற்குக் கணக்குக் கேட்கிறான், அவ்வளவுதான்.

அன்றிரவு இதை அந்தத் தம்பதியரிடம் சற்றுக் காரமாகவே சொன்னேன். விருந்தாளிகளிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று என் மனைவி பின்னர் கடிந்துகொண்டார். ஆனால் அவர்கள் ஒரு தாளை எடுத்துக் காட்டினார்கள். பணம் பெறவிருக்கும் ஆய்வுக் குழுவுடன் செய்துகொண்ட எழுத்து உடன்பாடு அது. மாதிரி கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவு மூன்று மாதத்துக்குள், அவரவர் மொழியில், ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கப்படவேண்டும். கிரியேற்றினின் கூடியவர்களைச் சிகிச்சை நிலையத்தில் பதிவுசெய்யும் வரை பொறுப்பு அந்தக் குழுவையே சாரும். ஆய்வு முடிந்ததும் அதன் பெறுபேற்றை அந்தந்தக் கிராமத்தின் மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ வந்து சொல்லவேண்டும். பணத்தின் கடைசிப் பகுதி அதற்குப் பிறகே கொடுக்கப்படும். கடைசி நிபந்தனையைக் கண்டதும் எனக்கு மனம் ஆறியது. எங்கள் காலத்தில் அப்படியொரு கயிறு எங்கள் கையில் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். காலையில் புறப்படும்போது அந்த அம்மா சைக்கிளில் மூன்று தண்ணீர்ப் போத்தல்கள் கொழுவியிருந்தார். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை குடிக்கவேண்டுமென்றும், பதினொரு மணிக்குப் பிறகு நிழலில் நிற்கவேண்டுமென்றும் கனடாவில் அவர்களுடைய வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம். அதே நேரத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருவர் அரிவு வெட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் தண்ணீர். மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் கரும்பு வெட்டும் தொழிலாளரிடத்திலும், இந்தியாவில் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே போன்ற நோய் இருக்கிறது. எல் சல்வடோரில் கரும்பு வெட்டுவோருக்குத் தண்ணீரும் ஓய்வும் நிழலும் ஒழுங்காகக் கொடுத்து, அவர்களுடைய சிறுநீரகம் என்னவாகிறதென்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நம்முடைய வயலிலும் அப்படி அளந்து பார்ப்பதற்குப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. ஆள் வேண்டும், காலம் வேண்டும், அந்தக் காலம் முழுவதற்கும் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டும். சைக்கிள் மிதித்துச் சேர்த்த பணம் அதற்குப் போகட்டும் என்பதே என் கருத்து.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த உடன்பாட்டின்படி முடிவுகள் திரும்பி வந்தனவா என்பதை அடுத்த ஆண்டு இதே மாதத்தில் உங்கள் வவுனியா நிருபரை அனுப்பி விசாரித்துப் போடுங்கள். மாலை போட்ட அன்று எடுத்த படம் முதற்பக்கத்தில் வந்தது. இது உள்பக்கத்தில் வந்தாலும் போதும்.

இறுதியாக ஒரு திருத்தம். படத்தின் கீழ், "நோயால் இறந்த மைத்துனரின் நினைவாகக் கணவர் மேற்கொண்ட பயணத்தில் மனைவியும் துணையாகச் சென்றார்" என்று அச்சிட்டிருந்தீர்கள். இறந்தவர் அந்த அம்மாவின் உடன்பிறந்த தம்பி, செட்டிகுளத்தில் ஆறு ஏக்கர் செய்த கமக்காரர். பயணம் அந்த அம்மாவின் எண்ணம். முப்பது வருடமாகச் சைக்கிளே தொடாதிருந்து, இதற்காக ஒரு வருடம் பழகித் துணையாகச் சென்றவர் கணவர்தான். அவரே இதனைச் சிரித்தபடி என்னிடம் சொன்னார். திருத்தத்தை வெளியிடுவீர்கள் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்,
புளியங்குளம், வவுனியா வடக்கு.