அந்த டின்னைத் திறப்பதற்கு முன்

சுங்கை சிப்புட்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். ஜொகூர் ஸ்கூடாயில் நீ வாடகைக்கு இருக்கும் வீட்டு வாசலில் உன் பழைய புரோட்டோன் சாகா கார் நிற்கிற படங்களை நேற்று ராத்திரி அம்மாவிடம் காட்டினேன். "நம்ம காடி மாதிரியே இருக்கே" என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கடைசிப் படத்தில் காடிக்கு நீயே அடிக்க ஸ்ப்ரே சாய டின்களை வரிசையாக வைத்திருந்தாயே, அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. போனில் சொன்னால் பாதி கேட்பாய், பாதி காற்றில் போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் அந்த டின்னைத் தொடு.

அது டூ கே சாயம். டின்னின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கிற ஹார்டனர் சாயத்தோடு கலக்கும். சாயம் கண்ணாடி மாதிரி இறுகும், பெட்ரோல் பட்டாலும் போகாது, பளபளப்பும் பிரமாதமாக இருக்கும். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலுக்கு விஷம். நல்ல ஆளுக்கே ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒரு தடவை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் துளி காற்றில் கலந்தாலும் மூச்சு அடைக்கும். மூக்கில் வாசனை தெரிவதற்குள்ளேயே உள்ளே போயிருக்கும். ஒழுங்காக நடக்கும் ஸ்ப்ரே கடையில் தனி அறைக்குள், வெளிக் காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவருகிற முகமூடி போட்டுக்கொண்டுதான் அதை அடிப்பார்கள். மருந்துக்கடையில் வாங்குகிற மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று அடிக்கிற சாயம் இல்லை அது.

உனக்கு ஞாபகம் இருக்காது. அஞ்சு வயசு வரைக்கும் உனக்கு இளைப்பு. ராத்திரி ரெண்டு மணிக்கு உன்னைச் சாரோங்கில் சுற்றி அம்மா மடியில் வைத்துக்கொள்ள, மோட்டாரில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். ஒரு நாள் இல்லை, எத்தனையோ நாள். உன் முதுகில் கை வைத்தால் நெஞ்சுக்கூடு எழும்பி எழும்பி இறங்கும். வளர வளர அது நின்றுவிட்டது. ஆனால் அந்த நெஞ்சு அதே நெஞ்சுதான். அந்த டின்களை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. வாங்கிக்கொள்ளவில்லை என்றால் பணம் போனால் போகட்டும்.

காடிக்குச் சாயம் அடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் காடிக்கு நான் எப்படி அடித்தேன் என்று சொல்கிறேன், அப்படியே செய். அந்தக் காடி 1988 மாடல். 1985 ஜூலையில் முதல் சாகா வெளிவந்தபோது நான் ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் கையாள். நம் நாட்டிலேயே செய்த காடி ஒன்றை நாமும் ஒரு நாள் வாங்கவேண்டும் என்று அன்றைக்கே மனசில் விழுந்துவிட்டது. வாங்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது, அதுவும் செகண்ட் ஹேண்ட். சாயம் மங்கிப்போய் பட்டணத்தில் ஒரு கடையில் விட்டு 1,800 வெள்ளி கொடுத்து அடித்தேன். எட்டே மாதத்தில் சக்கரத்துக்கு மேலே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பள்ளம் அடைக்கிற புட்டிப் பசையை வைத்து அடித்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தில்தான் நானே இறங்கினேன். நீ அப்போது படிவம் ரெண்டு. ஸ்கூல் லீவில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அது ஞாபகம் இருக்கும்.

பட்டறையில் டிராக்டருக்கும் லோரிக்கும் நாங்கள் அடித்தது எல்லாம் எண்ணெய்ச் சாயம்தான். கதவு, கிரில்லுக்கு அடிக்கிற அதே எனாமல், எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். அதை டர்பன்டைனில் நீர்க்கக் கலந்து, நாலு அங்குல ஸ்பாஞ்ச் ரோலரில் மெல்லிசாக உருட்டி, இடையிடையே தண்ணீர் விட்டுத் தேய்த்தால் காடிக்கும் அழகாக நிற்கும். எனக்கு ரெண்டரை லிட்டர் போனது. சாண்ட் பேப்பர், புட்டி, டேப் எல்லாம் சேர்த்து 300 வெள்ளிகூட ஆகவில்லை. ஆனால் மூன்று வாரம் ஆனது. பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் துரு. சாகாவில் அது எங்கே ஒளிந்திருக்கும் என்றால் சக்கர வளைவின் உள் ஓரம், கதவின் அடி, கண்ணாடி ரப்பருக்குக் கீழே, பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் ஸ்பேர் டயர் கிடக்கிற பள்ளம். ஸ்க்ரூடிரைவரால் மெல்லக் குத்திப் பார். பின் சக்கரத்துக்கு மேலே மேலாக ஒரு சின்னக் கொப்புளம்தான் எனக்குத் தெரிந்தது. குத்தினதும் ஊறின பிஸ்கட் மாதிரி உள்ளே போய்விட்டது, விரல் நுழைகிற ஓட்டை. அப்படி இருந்தால் புட்டியால் அடைக்காதே, தகடு வெட்டி வெல்டிங் வைக்கவேண்டும். ஓட்டை விழாத இடத்தில் வெள்ளை இரும்பு தெரிகிற வரை சுரண்டு. சுரண்டின அன்றைக்கே ரெட் ஆக்சைடு ப்ரைமரை அடிப்பூச்சாக அடித்துவிடு. நம் ஊர் ஈரக் காற்றில் ஒரே ராத்திரியில் மறுபடி செம்பட்டை படியும்.

இன்னொன்று, ப்ரைமர் அடித்துவிட்டோமே என்று காடியை மழையில் நிறுத்தாதே. ப்ரைமர் தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் உள்ளேயே நின்று அடியில் துருவைக் கிளப்பும். மேலே நல்ல சாயம் ஏறினால்தான் காப்பு.

நெளிவைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய பருத்தித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, உள்ளங்கையை முழுதாகப் பதித்து, கண்ணை மூடி மெதுவாகத் தடவு. துணி இடையில் இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், பள்ளம் வந்தால் உடனே தெரியும். டிரைவர் பக்கத்துக் கதவில் நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்த இடத்தில் மூன்று பள்ளம் அப்படித்தான் கிடைத்தது. சந்தேகமாக இருந்தால் தண்ணீர் ஊற்றி, அந்தப் பளபளப்பில் வீட்டுக் கூரை நேராகத் தெரிகிறதா என்று சாய்ந்து பார். ப்ரைமரில் ஒளிந்திருக்கிற நெளிவெல்லாம் பளபளப்பில் வெளியே வந்துவிடும். அதனால்தான் நீ கேட்ட கறுப்பு வேண்டாம் என்கிறேன். கறுப்பு எதையும் மன்னிக்காது. வெள்ளை எண்ணெய்ச் சாயம் நாளாக ஆக மஞ்சளிக்கும். உன் காடி பிறக்கும்போதே நீலம், நீலமாகவே இருக்கட்டும். நிறம் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜேயிலும் போய்ப் பதியவேண்டும், அந்த அலைச்சலும் மிச்சம்.

அடிப்பதற்கு முன்னால் பாத்திரம் கழுவுகிற சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவு. டயருக்கும் டேஷ்போர்டுக்கும் போடுகிற பளபளப்பு எண்ணெயைப் பக்கத்திலேயே கொண்டுவராதே. அதில் இருக்கிற சிலிக்கோன் ஒரு பொட்டு பட்டாலும் அந்த இடத்தில் சாயம் ஒட்டாமல் விலகி, மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக நிற்கும்.

இப்போது கலக்கிற விஷயம். இதை எழுத்தில் சொல்வது கஷ்டம். உன் பாட்டி ரப்பர் மரத்துப் பட்டையை வெட்டினதும் அந்தக் கோட்டு வழியாக மங்குக் கிண்ணத்துக்குள் பால் இறங்குமே, அந்தப் புதுப் பாலின் பதம். கெட்டிப்பட ஆரம்பித்த பால் இல்லை, வெட்டின உடனே இறங்குகிற பால். நாங்கள் தோட்டத்தை விட்டு வந்த பிறகு வளர்ந்தவள் நீ, அதைப் பார்த்திருக்க மாட்டாய். அதனால் இப்படி வைத்துக்கொள், காய்ச்சாத பசும்பால் மாதிரி. குச்சியைத் தூக்கினால் கயிறாக வழியாமல் சொட்டுச் சொட்டாக விழவேண்டும். பழைய ஸ்டாக்கிங்கில் வடிகட்டிவிடு. தின்னர் மட்டும் ஊற்றாதே. அது ஸ்பாஞ்சைக் கரைத்துவிடும், கீழே காய்ந்த சாயத்தையும் கிளப்பிவிடும்.

முதல் பூச்சு அடித்ததும் உனக்கு அழுகை வரும். கண்ணாடியில் தேத்தண்ணி ஊற்றின மாதிரி திட்டுத் திட்டாக, அடியில் ப்ரைமர் எல்லாம் தெரியும். அப்படித்தான் இருக்கவேண்டும். அதை மூடுகிறேன் என்று மறுபடி மேலே உருட்டாதே. நாளுக்கு ஒரு பூச்சு போதும். ரெண்டு பூச்சுக்கு ஒரு தடவை, நன்றாகக் காய்ந்த பிறகு, 800 நம்பர் சாண்ட் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய். வழிகிற தண்ணீர் சாயத்தின் நிறத்திலேயே பாலாக ஓடும். அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கலாக இருக்கவேண்டும். நடுவில் மினுங்குகிற புள்ளிகள் தெரிந்தால் அது பள்ளம், இன்னும் தேய்ப்பு வேண்டும். மடிப்பு விளிம்புகளில் டேப் ஒட்டிக்கொள், அங்கேதான் சாயம் சீக்கிரம் அறுந்து இரும்பு வெளியே வரும். மூன்றாவது நாலாவது பூச்சில் நிறம் நிறைந்துவிடும். ஆறில் நிறுத்தலாம். நான் எட்டு அடித்தேன். கடைசியில் 1500, 2000 என்று போய், பாலிஷ் போடுவதற்கு ஒரு மாதம் விட்டுவிடு. எண்ணெய்ச் சாயம் காற்றைக் குடித்து உள்ளுக்குள் இறுக அத்தனை நாள் ஆகும்.

எனக்கு நடந்ததையும் சொல்லவேண்டும். தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது, கூரை மட்டும் பாக்கி. ரெண்டு பூச்சை ஒன்றாக்கி விடலாம் என்று கெட்டியாகக் கலந்து மத்தியான வெயிலில் உருட்டிவிட்டேன். மேலே சட்டென்று தோல் கட்டிவிட்டது, அடியில் ஈரம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் காய்ச்சின பாலில் ஆடை சுருங்குமே, அதே மாதிரி கூரை முழுக்கச் சுருக்கம். அதைச் சுரண்டி எடுக்க மூன்று நாள். அந்தத் தீபாவளிக்கு நாம் கோயிலுக்கு நடந்துதான் போனோம். அடுத்த தடவை வெயில் வேண்டாம் என்று சாயங்காலத்தில் அடித்தேன். ராத்திரிப் பனி இறங்கிக் காலையில் பளபளப்பே இல்லை, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் நேரம் பிடிபட்டது. காலையில் பசியாறிவிட்டு, புல்லில் பனி காய்ந்த பிறகு, ஒரு ஒன்பதரைக்கு நிழலில் தொடங்கி பன்னிரண்டுக்குள் முடித்துவிட வேண்டும். மத்தியான மழைக்குள் தூசி ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும்.

மாதமும் முக்கியம். வருஷக் கடைசியில் ஜொகூரில் விடாமல் அடிக்கிற மழையில் எதுவும் காயாது. ஜூன், ஜூலைதான் தோது. புகைமூட்டம் வந்தால் அந்த வாரம் ரோலரை எடுக்காதே, ஈரச் சாயத்தில் கரி படியும், உன் நெஞ்சுக்கும் ஆகாது.

எண்ணெய்ச் சாயமும் நல்ல காற்று இல்லை என்பதை மறைக்க மாட்டேன். டர்பன்டைன் தலையைச் சுற்ற வைக்கும். திறந்த வெளியில்தான் அடிக்கவேண்டும், கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் போட்டுக்கொள்ளவேண்டும். தேய்ப்பதெல்லாம் தண்ணீர் விட்டுத்தான், தூசியே பறக்கக் கூடாது. நெஞ்சு லேசாக இறுகினாலும் அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விடு. சாயம் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதே, அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாக விரித்து வெளியே காயப்போடு.

இந்தச் சாயம் ஸ்ப்ரே கடைச் சாயம் அளவுக்கு உழைக்காது. வெயிலில் மங்கும், பெட்ரோல் சொட்டினால் இளகும், உடனே துடைக்கவேண்டும். ஆனால் கீறல் விழுந்தால் மிச்சம் வைத்த டின்னிலிருந்து ஒரு சின்னப் பிரஷில் நீயே தொட்டு வைக்கலாம். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

இவ்வளவு எழுதியும் மனசு ஆறவில்லை. அதனால் ஒன்று முடிவு பண்ணிவிட்டேன். ஜூன் பள்ளி விடுமுறைக் கூட்டம் குறைந்ததும் ஈப்போ அமான் ஜெயா நிலையத்தில் பஸ் ஏறி ஜொகூர் பாரு லார்க்கின் வந்துவிடுகிறேன். ரெண்டு வாரம் இருப்பேன். ஹாலில் பாய் போட்டால் போதும். அம்மா முறுக்கும் ஊறுகாயும் கொடுத்து அனுப்புவாள். நல்ல ஸ்பாஞ்ச் ரோலர் இங்கே பழகின கடையில் இருக்கிறது, ஒரு டஜன் வாங்கி வருகிறேன். சுரண்டுகிற வேலையை வேண்டுமானால் நீ இப்போதே தொடங்கு, மாஸ்க் போட்டுக்கொண்டு, முன் பக்கத்திலிருந்து.

வாசல் குழாயிலிருந்து காடியின் பின் பக்கம் வரைக்கும் எத்தனை அடி இருக்கும் என்று அளந்து சொல். நம் வீட்டு ரப்பர் குழாய் முப்பது அடிதான்.

அன்புடன்
அப்பா