ஒட்டும் இடத்தில் ஈரம் ஒன்றாக இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். பீங்கானில் அச்சு வார்ப்பையும் கைவேலையையும் சேர்த்துச் செய்வது பற்றித் தங்கள் கைவினைப் பக்கத்தில் வந்த குறிப்பை வரவேற்கிறோம். ஆனால் வார்த்த குவளை நன்றாகக் காய்ந்தபின், கையால் செய்த மண் பூவும் இலையும் ஒட்டலாம் என்ற யோசனை புதிதாகத் தொடங்குகிறவர்களின் உழைப்பைப் பாழாக்கும். காயும்போது ஏற்படும் சுருக்கம் காய்ந்த குவளையில் முடிந்திருக்கும். ஈரமான பூ இனிமேல்தான் சுருங்கும். சூளைக்குப் போகுமுன்பே ஒட்டு விட்டுவிடும்.

இரண்டுமே தோல் பதத்தில் இருக்க வேண்டும்: கையில் எடுத்தால் உருக்குலையாது, நகம் பட்டால் கீறல் விழும். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையில் உருவங்களைத் துண்டு துண்டாக அச்சில் எடுத்து இணைத்ததும் ஈரம் இருக்கும்போதே.

வார்ப்புக் குழம்பை, அதாவது ஊற்றும் பதத்துக்கு இளக்கிய பீங்கான் மண்ணை, உலர்ந்த பிளாஸ்டர் அச்சில் ஊற்றுங்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்புறம் படியும் மண் சுவர் 3 முதல் 4 மில்லிமீட்டர் தடித்ததும் மிச்சத்தை வடித்துவிடலாம். அதற்கு எத்தனை நிமிடம் என்பது அச்சின் ஈரத்தைப் பொறுத்தது. விளிம்பைச் சற்று வெட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. விளிம்பு அச்சை விட்டு விலகியதும் குவளையை எடுத்து பிளாஸ்டிக் உறையில் மூடுங்கள்.

கைவேலைக்கு வேறு மண் வாங்க வேண்டாம். 15 சதவீதம் சுருங்கும் வார்ப்பில் 12 சதவீதம் சுருங்கும் மண்ணை ஒட்டினால், 10 சென்டிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் வித்தியாசம்! அதே குழம்பைச் சுத்தமான பிளாஸ்டர் பலகையில் ஊற்றி, உரிந்து வரும்போது எடுத்துப் பிசையுங்கள். குழம்பை இளக்கச் சேர்க்கும் சோடியம் சிலிக்கேட்டால் அந்த மண் வளைக்கும்போது முறியும். பலகையில் ஊற்றுமுன் சில துளி வினிகர் கலந்தால் வளைந்து கொடுக்கும். வினிகர் கலந்த குழம்பை மட்டும் வார்ப்பு வாளியில் திருப்பி ஊற்றிவிடாதீர்கள். வாளியில் இருப்பதும் கெட்டிப்படும்.

ஒட்டும் இரு பக்கங்களையும் ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, வார்ப்புக் குழம்பையே பூசி, அசைத்து அழுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கரைத்த மண்ணைப் பூச வேண்டாம்; அதில் ஈரம் அதிகம், சுருக்கமும் அதிகம். தலை, பழம் போன்ற திரண்ட பாகங்களைச் சுவரின் தடிமனுக்குக் குடைந்து, உள்ளே காற்று அடைபடாமல் ஊசித் துளை விட வேண்டும். பிறகு மூடி வைத்து, ஒரு வாரம் மெல்லக் காயட்டும்.

குறிப்பில் விடுபட்ட இன்னொன்று: 1,250 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பீங்கான் இளகும், நீட்டிய கையும் சிறகும் தொங்கிப்போகும். தாங்கியையும் அதே மண்ணில் செய்து, தொடும் இடத்தில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அலுமினா என்ற வெள்ளைப் பொடியைத் தூவி, முதல் சூட்டிலிருந்தே உருவத்தோடு சேர்த்துச் சுட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகச் சுருங்கும். ஏற்கெனவே உயர்சூட்டில் சுட்ட தாங்கி அசையாமல் நின்று கையை மேலே நெம்பிவிடும்.

காய்ந்த பொருளை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். ஈர ஸ்பாஞ்சால் துடைத்தாலே பிசிறு போய்விடும்.

இப்படிக்கு,
பீங்கான் வார்ப்புப் பயிற்றுநர்கள்