வரப்பு நடை

மாண்ட்ரியல்,
பிப்ரவரி கடைசி ஞாயிறு

அன்புள்ள அம்மா,

பார்சல் வந்து சேர்ந்தது. பருப்புப்பொடி டப்பாவின் மூடி வழியில் லேசாகத் திறந்துகொண்டதால் உன் கடிதம் முழுக்கப் பெருங்காய வாசனை. மோர்மிளகாய் ஒன்றுகூட உடையவில்லை. நார்த்தங்காய்க்கு நீ கவர் மேல் கவர் போட்டுக் கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் அனுப்பிய செலவு பெட்டி மேலேயே ஒட்டியிருந்ததைப் பார்த்தேன், இனிமேல் அனுப்பாதே அம்மா, இங்கே எல்லாமே கிடைக்கிறது.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று தம்பி கேட்பான். போனில் நீ பேச ஆரம்பித்தால் அப்பா வாங்கிக்கொள்வார், அப்பாவிடமிருந்து அவன் பிடுங்குவான், அதற்குள் டவர் போய்விடும். நீ நாலு பக்கம் எழுதி அதில் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய். "பொம்மைப் படம் போட அவ்வளவு தூரம் போகணுமா, அங்க அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க" என்று சித்தப்பா கேட்டாராம், உனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டு.

இங்கே அனிமேஷன் படிப்பில் பரீட்சை என்பது குறைவு. எல்லாமே ப்ராஜெக்ட்தான். முதல் ப்ராஜெக்ட் ஒரு பந்து. கீழே விழுந்து துள்ளிப் போகும் ஒரு பந்து, அவ்வளவுதான். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாத படம் ஓடும். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைப்பார்கள், அதனால் வினாடிக்கு 12 படம் வரைந்தால் போதும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் தாளை வைத்து, கீழே இருக்கும் பழைய படம் மங்கலாகத் தெரியத் தெரிய அடுத்ததை வரையவேண்டும். பந்து மேலே போய்த் திரும்பும் இடத்தில் படங்கள் நெருக்கமாக இருக்கவேண்டும், விழும் வேகத்தில் தள்ளித் தள்ளி இருக்கவேண்டும். தரையில் பட்டதும் பந்து நசுங்கும், ஆனால் நசுங்கிய அளவுக்குப் பக்கவாட்டில் அகலவும் வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் போன பந்தாகத் தெரியும். இடைவெளியைக் கொஞ்சம் மாற்றினால் அதே வட்டம் ரப்பர் பந்தாகவும் இரும்புக் குண்டாகவும் மாறுகிறது. வட்டம் வரையத் தெரிந்தவர்கள்தான் எல்லோரும், ஆனாலும் அந்தப் பந்து எங்கள் வகுப்பையே ராத்திரி ராத்திரியாக உட்கார வைத்தது.

அடுத்தது மாவு மூட்டை. பாதி நிரம்பிய மூட்டைக்குக் கண், மூக்கு, வாய் எதுவும் போடாமல் சோகம், சந்தோஷம், பயம் எல்லாம் வரவைக்க வேண்டும். இது உலகம் முழுக்க அனிமேஷன் படிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற பழைய பயிற்சி. மற்றவர்கள் போட்டோவைத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்கு நம் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது. நெல் மூட்டையைத் தோளில் ஏற்றும்போது நடுவில் எப்படி மடியும், இறக்கிவைத்ததும் நெல் அடியில் இறங்கி இரண்டு காதும் எப்படித் தொங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. என் மூட்டை காதைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபோது வகுப்பில் ஒரு பெண் "ஐயோ பாவம்" என்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள், அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் நடை. இதைத்தான் உனக்கு விவரமாகச் சொல்லவேண்டும்.

சாதாரண நடையில் ஒரு காலடிக்கு அரை வினாடி, அதாவது 12 ஃப்ரேம். குதிகால் தரையைத் தொடும் நிலை, உடம்பு தாழும் நிலை, ஒரு கால் இன்னொன்றைக் கடக்கும் நிலை, உடம்பு உயரும் நிலை, இந்த நாலையும் முதலில் போட்டுவிட்டு இடையில் இருப்பதை நிரப்பிக்கொண்டே போகவேண்டும். பயிற்சி முடிந்ததும் டீச்சர் சொன்னார், உங்களுக்கு மிகவும் தெரிந்த ஒருவரின் நடையை வரையுங்கள், முகம் போடக்கூடாது, நடையிலேயே ஆள் தெரியவேண்டும் என்று. நான் அப்பாவை எடுத்துக்கொண்டேன்.

அப்பா ரோட்டில் நடப்பது வேறு, வரப்பில் நடப்பது வேறு. வரப்பில் ஒரு பாதத்துக்கு நேர் முன்னாலேயே மறு பாதம் வரும். முதலில் விரல்கள் மண்ணைப் பிடிக்கும், அப்புறம்தான் குதிகால் இறங்கும். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கும். மண்வெட்டி இருக்கிற தோள் தாழ்ந்திருக்கும், மற்ற கை உடம்பை விட்டு விலகியே போகும். நான் வரைந்ததைப் பார்த்துவிட்டு டீச்சர், குதிகால் அல்லவா முதலில் தரையில் படவேண்டும் என்று கேட்டார். இது ஒரு முழம்கூட அகலமில்லாத ஈரக் களிமண் மேல் நடக்கிற நடை, குதிகாலை முதலில் வைத்தால் நாற்றங்காலுக்குள்தான் விழவேண்டும் என்று எழுந்து நடந்தே காட்டினேன். வகுப்பே எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தது. அப்பாவிடம் இதைச் சொல். கனடாவில் பதினைந்து இருபது பேருக்கு இப்போது வரப்பில் நடக்கத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்கே பனி உருகி மறுபடி உறைந்தால் நடைபாதை முழுக்க வழவழவென்று ஐஸ். வந்த புதிதில் பக்கத்தில் வருகிறவர்கள் எல்லாம் வழுக்கினார்கள், எனக்கு மட்டும் அவ்வளவாக வழுக்கவில்லை. ஏன் என்று அந்தப் படங்களை வரைந்த பிறகுதான் புரிந்தது. முழங்காலைத் தளர்த்திச் சின்னச் சின்ன அடியாக, கையைப் பையில் விடாமல் நான் நடந்தது அப்படியே அப்பாவின் நடை.

குளிரைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த மாதம் மைனஸ் 20-ஐத் தொட்டுவிட்டு வந்தது. வெளியே போய் மூச்சை இழுத்தால் மூக்குக்குள் முடி விறைத்துக் குத்தும், அவ்வளவுதான். கோட் நல்ல கோட், எனக்கு முன்னால் இந்த அறையில் இருந்த பெண் விட்டுப்போனது, கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுக்கொள்கிறேன். காலேஜுக்குப் பெரும்பாலும் நடந்தே போய்விடுகிறேன், நடையைப் பார்ப்பதுதானே என் பாடம். லேப்டாப் பழசாகிவிட்டதே என்று கேட்டிருந்தாய். காலேஜ் லேப் ராத்திரியும் திறந்திருக்கும், அங்கே இருப்பதெல்லாம் பெரிய மெஷின்கள், சூடாகவும் இருக்கும். அங்கேயே இருந்துவிடுகிறேன், புதிதாக வாங்கவேண்டிய அவசியமே இல்லை.

கீழ்வீட்டுக் கிரேக்கத் தாத்தாவைப் பற்றிக் கேட்டாய். பார்க் எக்ஸ்டென்ஷன் என்று நான் இருக்கிற பகுதியில் ஒரு காலத்தில் கிரேக்கர்கள் நிறைய, இப்போது நம் பக்கத்து ஆட்கள் நிறைய. தாத்தா அக்டோபர் கடைசியில் செய்த வேலையை அப்பாவிடம் கட்டாயம் சொல். கொல்லையில் ஆள் உயரத்துக்கு ஒரு அத்தி மரம் வைத்திருக்கிறார். அதன் ஒரு பக்கத்து வேரை மண்வெட்டியால் அறுத்துவிட்டு, மரத்தை அப்படியே மெல்லச் சாய்த்து, பக்கத்தில் வெட்டிய பள்ளத்தில் படுக்கவைத்து, மேலே பலகை, பழைய கம்பளம், மண் என்று போட்டு மூடிவிட்டார். குளிர் போனதும் தோண்டி நிமிர்த்தி நிறுத்துவாராம், காய்க்குமாம். நான் நம்பவில்லை, போன கோடையில் எடுத்த போட்டோவைக் காட்டினார், குலை குலையாகப் பழம். காலையில் வாசலில் இருக்கும் இரும்புப் படிக்கட்டில் எனக்கு முன்னால் எழுந்து ஐஸை உடைத்து உப்புப் போட்டுவிடுவார். தலையில் குல்லாய் இல்லாமல் இறங்கினால் கைத்தடியால் கம்பியைத் தட்டித் திட்டுவார். அவர் பிரெஞ்சும் அரைகுறை, என் பிரெஞ்சும் அரைகுறை, திட்டு மட்டும் முழுசாகப் புரியும். நேற்றும் பருப்பு சூப் கொண்டுவந்து கொடுத்தார். அதில் புளிப்புக்கு வினிகர் ஊற்றுகிறார்கள். சோறு வடித்து அதை ஊற்றி மேலே உன் பருப்புப்பொடியைத் தூவிச் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சித்தப்பாவிடம் இன்னொன்றும் சொல். இந்த ஊரில் தேசியத் திரைப்பட வாரியம் என்று ஒன்று இருக்கிறது, 1939-இல் கனடா அரசாங்கம் ஆரம்பித்தது. அங்கே 1941-இல் சேர்ந்த நார்மன் மெக்லாரன் கேமராவே இல்லாமல் ஃபிலிம் மேல் நேராகப் பேனாவால் வரைந்து படம் எடுத்தவர், 1950-களில் யுனெஸ்கோ அனுப்பி நம் நாட்டுக்கு வந்து சொல்லியும் கொடுத்திருக்கிறார். அதே இடத்தில் குஜராத்தில் பிறந்து அகமதாபாத்தில் படித்த ஈஷு பட்டேல் பல வருஷம் வேலை பார்த்தார். 1977-இல் அவர் வெறும் பாசிமணிகளை அடுக்கி, ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்தி ஒரு படம் எடுத்தார், அது ஆஸ்கருக்குப் பரிந்துரையாயிற்று. பொம்மைப் படம்தான், ஆனால் பாசிமணியில் ஒரு உயிர் இன்னொன்றை விழுங்குவதைப் பார்த்தால் சித்தப்பாவே வாயை மூடிக்கொள்வார். தம்பியிடம் சொல்லி போனில் போட்டுக் காட்டச் சொல்.

அதைப் பார்த்துத்தான் இந்த டெர்ம் ப்ராஜெக்ட்டுக்குக் கோலம் எடுத்துக்கொண்டேன். மணலைக் கண்ணாடியில் பரப்பி, அடியில் விளக்கு வைத்து, விரலால் நகர்த்திப் படம் எடுக்கிற முறை ஒன்று இருக்கிறது, கேரலின் லீஃப் என்பவர் இந்த ஊரில் அதில் பெரிய வேலை செய்தவர். ஒரு படத்தை எடுத்துவிட்டு மணலை நகர்த்தினால் பழையது போய்விடும், திரும்பப் போய்த் திருத்த முடியாது. நான் மணலுக்குப் பதில் அரிசி மாவைப் போட்டேன். அடியில் விளக்கு இருந்ததால் மாவு கறுப்பாகத் தெரிந்தது, வெள்ளைக் கோலம் கரிக்கோலமாகிவிட்டது. அதனால் கீழே கறுப்புத் தாளை விரித்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தேன். இப்போது இழையின் ஒரு பக்கம் சின்னதாக நிழல் விழுகிறது, மாவு பொலபொலவென்று நிற்பது தெரிகிறது. மூச்சுப் பட்டாலே கலைந்துவிடும் என்று வாயில் துணி கட்டிக்கொண்டு செய்கிறேன். புள்ளி முதலில் வரும், அப்புறம் இழை தானாகப் புறப்பட்டு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைத்துக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். நீ கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து மாவை விடும்போது வளைவில் கை கொஞ்சம் மெதுவாகும், இழை அங்கே சற்றுத் தடிக்கும். அந்தத் தடிப்பு வந்தால்தான் அது உன் கோலம்.

அப்பாவின் பாதத்தைக் கிட்டத்தில் ஒரு ஷாட் வைக்கலாம் என்று போன வாரம் ராத்திரி லேபில் உட்கார்ந்தேன். டில்லர் அடிபட்டதிலிருந்து அவருக்கு ஒரு பாதம் வெளிப்பக்கம் திரும்பித்தானே இறங்கும். இடதா வலதா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை அம்மா. பள்ளிக்கூடம் போகிறவரை வரப்பில் அவர் பின்னாலேயே, அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நடந்தவள் நான். இரண்டு மாதிரியும் வரைந்து பார்த்தேன், இரண்டுமே அப்பா மாதிரி இருந்தது, இரண்டுமே இல்லை. போன் பண்ணலாம் என்றால் அங்கே விடிந்து, நீங்கள் வயலுக்குப் போயிருப்பீர்கள். அதற்கப்புறம் அன்றைக்கு வரையவில்லை, இருக்கிற படங்களையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு நீ எல்லோரையும் நிற்கவைத்து எடுத்து அனுப்பிய போட்டோவிலும் அவர் கால் கரும்புக் கட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

சரி, அதை விடு. அடுத்த தடவை உளுந்து பார்க்கப் போகும்போது தம்பியைப் பக்கவாட்டில் இருந்து ஒரு வீடியோ எடுக்கச் சொல். போனைப் படுக்கைவாட்டில் பிடிக்கச் சொல், தலை முதல் கால் வரை தெரியவேண்டும். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லவேண்டாம், சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டு நடை நடப்பார்.

இனி நீ எழுதியிருந்த விஷயங்கள். வாய்க்கால்கரை நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்று பெரியப்பா சொல்வது எனக்கு ஏற்கனவே தெரியும், அத்தை மகன் சொன்னான். என் படிப்புச் செலவைக் காட்டி யார் பேசினாலும் அப்பா தலையாட்ட வேண்டாம். இந்தத் தவணை ஃபீஸில் பெரும்பாலும் கட்டியாயிற்று, மீதியை நான் பார்த்துக்கொள்வேன். சனி, ஞாயிறில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் கடையில் நிற்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, அதுவே போதுமானதாக இருக்கிறது, மிஞ்சிய கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கொடுத்துவிடுகிறார். அந்த நிலத்துக்கு இன்னும் கூட்டுப் பட்டாதான், அப்பாயி பேரில் இருக்கிற பத்திரம் உன் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று பார். உட்பிரிவு செய்யாமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம், அட்வான்ஸ் என்று யாரிடமும் வாங்கவும் வேண்டாம். பெரியப்பாவிடம் சண்டையும் வேண்டாம், நான் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

நெல்லுப் பணம் ஏறியதும் முதலில் உன் செயினை மீட்டுவிடு. எனக்கு அனுப்பவேண்டாம், இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பேங்க்கிலிருந்து வட்டி நோட்டீஸ் ஏதாவது வந்தால் அப்பா கையில் கொடுக்காமல் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு.

தம்பி இன்ஜினியரிங் வேண்டாம், நானும் வரையப்போகிறேன் என்கிறானாமே. மார்ச்சில் பரீட்சையை ஒழுங்காக எழுதட்டும், அப்புறம் பேசலாம். வரைவதுதான் என்று நின்றால் நான் படித்த கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியே இருக்கிறது, நுழைவுக்கு இப்போதிருந்தே தினமும் மாட்டையும் கன்றையும் உட்கார்ந்து வரையச் சொல். மாடு அசைந்துகொண்டே இருக்கும், அதுதான் நல்ல பயிற்சி. அத்தை எனக்குக் கொண்டுவந்த ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. படிப்பு முடியட்டும் என்று நீயே பக்குவமாகச் சொல், அப்பா சொன்னால் அத்தை கோபித்துக்கொள்வாள்.

அப்பாயிக்குக் கண் ஆபரேஷன் எப்போது என்று எழுதவே இல்லையே? பங்குனி வெயில் வருவதற்குள் முடித்துவிடுங்கள். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட தம்பி போனில் அலாரம் வைத்துக்கொடுக்கட்டும். கூரை ஓட்டையும் மழைக்கு முன்னால் பார்க்கவேண்டும், போன வருஷம் மாதிரி மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உன் செல்வி

பி.கு.: கோலத்தில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மார்கழியில் வாசலில் போடுவாயே, நடுவில் நாலு பூ வரும் சிக்குக் கோலம், அதற்கு 15 புள்ளியா 13 புள்ளியா, ஊடுபுள்ளியா நேர்புள்ளியா? போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. புதன்கிழமைக்குள் வேண்டும்.