எதையும் எழுத்தில் வாங்கு, பாப்பா

மேப்பிள் குரோவ், மினசோட்டா
12 அக்டோபர் 2025, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏற விடுவதில்லை. இலை கொட்ட ஆரம்பித்துவிட்டது, வாரி மாளவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நீ "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வச்சிடறேன்" என்று முடித்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். லெட்டரைப் பாதியில் வைக்க முடியாது பார்.

உங்கள் டெக்சஸில் சுகர் லேண்டிலிருந்து பெரியம்மா மகன் பேசினான். உங்கள் பள்ளியில் அந்த ஜிஎஸ்ஏ கிளப்பை, அதுதான் தன்பாலீர்ப்புப் பிள்ளைகளும் மற்றவர்களும் சேர்ந்து கூடுகிற கிளப்பை, செப்டம்பரோடு மூடிவிட்டார்களாம், நீதான் அதற்கு ஸ்பான்ஸர் டீச்சராக இருந்தாயாம், பிரின்சிபல் உன்னைக் கூப்பிட்டுப் பேசினாராம். மூடியதும் தெரியாது, நீ ஸ்பான்ஸராக இருந்ததும் தெரியாது. வியாழக்கிழமை சாயங்காலம் லேபில் மீட்டிங் இருக்கு என்பாய், நான் கெமிஸ்ட்ரி கிளப் என்று நினைத்துக்கொண்டு கோயிலில் நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். அவன் வாயால் கேட்க வேண்டியதை நீயே சொல்லியிருக்கலாம். சரி, விடு.

பிரின்சிபல் உன்னிடம் பேசினார் என்றால், என்ன பேசினார் என்று அன்றைக்கே ஒரு ஈமெயில் போட்டாயா? "இன்று நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், தவறென்றால் தெரிவிக்கவும்" என்று ரெண்டு வரி போதும். வாயால் சொன்னதை நாளைக்கு இல்லை என்பார்கள். சித்தப்பா போஸ்ட் ஆபீஸ் விஷயத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். எதையும் எழுத்தில் வாங்கு. நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசி பேப்பர் படித்தே தலை நரைத்தவன் நான். அதனால் இந்த விஷயத்தையும் உட்கார்ந்து படித்தேன், அம்மா தூங்கின பிறகு. 1984-ல் ரீகன் கையெழுத்துப் போட்ட சட்டம், ஈக்வல் ஆக்ஸஸ் ஆக்ட். அதைக் கொண்டுவர மல்லுக்கட்டியவர்கள் யார் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் பைபிள் கிளப் நடத்த விடவில்லை என்று கோபப்பட்டவர்கள். மத்திய அரசுப் பணம் வாங்குகிற உயர்நிலைப் பள்ளி, பாடத்தோடு சம்பந்தமில்லாத ஒரே ஒரு கிளப்பையாவது வகுப்பில்லாத நேரத்தில் கூடிப் பேச விட்டால் போதும், அதற்குப் பிறகு வேறு பிள்ளைகள் வந்து இடம் கேட்கும்போது அவர்கள் என்ன பேசப் போகிறார்கள் என்பதை வைத்து முடியாது என்று சொல்லக் கூடாது. மதமோ, அரசியலோ, தத்துவமோ, மற்ற எதுவோ. அந்த "மற்ற எதுவோ" இருக்கிறதே, அதில்தான் உன் கிளப் பிள்ளைகள் நிற்கிறார்கள். 1990-ல் ஒமாஹாவில் கிறிஸ்தவ கிளப் கேட்ட பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அந்தச் சட்டத்தை உறுதி செய்தது. அங்கே செஸ் கிளப் இருந்தது, கடலுக்கடியில் நீந்துகிற கிளப் கூட இருந்தது. அவற்றுக்கு இடம் உண்டென்றால் பைபிளுக்கும் உண்டு என்றார்கள். பைபிளுக்குத் திறந்த கதவு மற்றவர்களுக்கும் திறந்துதானே ஆக வேண்டும்?

நம்ம ஊரிலேயே நடந்ததே. நீ படித்த பள்ளியைச் சொல்லவில்லை, மேப்பிள் குரோவ் சீனியர் ஹைஸ்கூல். நீ அப்போது லெவன்த் என்று நினைக்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே 'ஸ்ட்ரெய்ட்ஸ் அண்ட் கேய்ஸ் ஃபார் ஈக்வாலிட்டி' என்று பிள்ளைகள் ஒரு கிளப் வைத்திருந்தார்கள். கூடிப் பேச விட்டார்கள், மூடவில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் அறிவிப்பு கிடையாது, இயர்புக்கில் பக்கம் கிடையாது, பணம் திரட்டக் கூடாது, வெளியே கூட்டிப் போகக் கூடாது. ஏன் என்றால் அது பாடத்தோடு சம்பந்தமில்லாத கிளப்பாம். சியர்லீடிங்கும் தண்ணீரில் தாளத்துக்கு நீந்துகிற கிளப்பும் மட்டும் பாடத்தோடு சம்பந்தப்பட்டவையாம்! எந்தப் பாடம் என்று எனக்கும் விளங்கவில்லை, நீதிபதிகளுக்கும் விளங்கவில்லை. 2005-ல் வழக்குப் போட்டார்கள். எட்டாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் 2006-லும் 2008-லும் பிள்ளைகள் பக்கம் நின்றது. மற்ற கிளப்புக்கு எது உண்டோ அது இவர்களுக்கும் உண்டு, அதே மைக், அதே இயர்புக். வழக்குப் போட்ட வயதில் இருந்த பிள்ளைகள் தீர்ப்பு முழுசாக முடிகிறபோது பள்ளியை விட்டே போயிருப்பார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த 1984 சட்டத்தில், மீறினால் பள்ளிக்குப் பணத்தை நிறுத்துவோம் என்று இல்லை, நிறுத்தக் கூடாது என்றே எழுதியிருக்கிறது. அப்புறம் யார் போய் நிறைவேற்றுவது? பதினாறு வயதுப் பிள்ளை கோர்ட்டுக்குப் போனால்தான் உண்டு.

அதே 2006-ல்தான் நம்ம கோயிலுக்குள் ராத்திரி புகுந்து சிலைகளை உடைத்தார்கள். ஏப்ரல் மாதம், பிரதிஷ்டைக்குக் காத்திருந்த சிலைகள். நீயும் வந்து பார்த்தாய், கை துண்டாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டுக் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது நாம் எல்லாரும் என்ன கேட்டோம்? இந்த ஊரில் சர்ச்சுக்கு இருக்கிற பாதுகாப்பும் மரியாதையும் எங்கள் கோயிலுக்கும் வேண்டும் என்று கேட்டோம். அந்த ஸ்கூல் பிள்ளைகளும் அதைத்தான் கேட்டார்கள். பிரசாத வரிசையில் அந்த வழக்கைப் பற்றிச் சிரித்தவர்களிடம் உன் அம்மா இதைச் சொன்னாள், அதற்குப் பிறகு பலபேர் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

சால்ட் லேக் சிட்டி கதை இன்னும் மோசம். ஈஸ்ட் ஹைஸ்கூலில் பிள்ளைகள் இதே மாதிரி கிளப் கேட்டார்கள், சட்டப்படி மறுக்க முடியாது. 1996 பிப்ரவரியில் ஸ்கூல் போர்டு என்ன செய்தது என்றால், பாடத்தோடு சம்பந்தமில்லாத கிளப் ஒன்றுகூட வேண்டாம் என்று மொத்தத்தையும் மூடிவிட்டது. நம்ம பக்கத்தில் ஊருணியில் எல்லாரும் இறங்கலாம் என்று ஆனதும் ஊருணியையே தூர்த்த மாதிரி. பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்து தெருவில் நடந்தார்கள், வழக்கு நடந்தது, 2000-ல்தான் போர்டு இறங்கி வந்து கிளப்புகளைத் திரும்ப அனுமதித்தது.

இப்போது உங்கள் டெக்சஸ். அந்த எஸ்பி 12 என்ற புது மாநிலச் சட்டத்தையும் படித்தேன். கவர்னர் அபாட் ஜூனில் கையெழுத்துப் போட்டார், செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. பாலியல் ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ அடிப்படையாகக் கொண்ட மாணவர் கிளப்பைப் பள்ளி அனுமதிக்கவோ நடத்தவோ கூடாது என்று நேராகவே எழுதிவிட்டார்கள். மேப்பிள் குரோவிலாவது பாடம், பாடமில்லை என்று ஒரு சாக்கு சொன்னார்கள், இங்கே அந்த வெட்கமும் இல்லை. செஸ் இருக்கலாம், கிறிஸ்தவ கிளப் இருக்கலாம், இது ஒன்றுக்கு மட்டும் தடை. 1984 சட்டத்தோடு இது எப்படிச் சேரும் என்று ஏசிஎல்யூ என்ற சிவில் உரிமை அமைப்பும், இந்தக் கிளப்புகளுக்கான ஜிஎஸ்ஏ நெட்வொர்க்கும், ஒரு மாணவர் அமைப்பும் ஆகஸ்டில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நல்ல வழக்கு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உன் மாநிலத்திலேயே லப்பக்கில் 2004-ல் பிள்ளைகள் தோற்றிருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியில் பாலுறவு பற்றிய எந்தப் பேச்சும் கூடாது என்று கொள்கை, பிள்ளைகளின் வெப்சைட்டில் எங்கேயோ ஒரு லிங்க் இருந்திருக்கிறது, அதையே பிடித்துக்கொண்டார்கள். அதனால் பழைய நோட்டீஸ், போஸ்டர், குரூப் மெசேஜ் எதிலாவது உன் பெயர் இருக்கிறதா, என்ன லிங்க் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடு. அழிக்கச் சொல்லவில்லை. அழித்தால் அதுவே தப்பாகும். காப்பி எடுத்து வை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். 1984 சட்டம் பிள்ளைகளுக்குத்தான் உரிமை கொடுக்கிறது, டீச்சருக்குக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகக் கேட்க வேண்டும், தாங்களாக நடத்த வேண்டும். நீ முன்னால் போய் நின்றால் அடி உனக்கு விழும், கேஸும் கெட்டுப்போகும். 2006-ல் கார்செட்டி என்று ஒரு தீர்ப்பு, அரசு ஊழியர் வேலையின் பகுதியாகப் பேசியதற்குப் பேச்சுரிமை என்று கேட்க முடியாது. ஆகவே பிரின்சிபல் சொன்னதை எழுத்தில் வாங்கு. யூனியனில் சேர்ந்திருக்கிறாயா இல்லையா என்று கேட்டால் மழுப்புகிறாய். சந்தா கட்டு, நான் கட்டட்டுமா?

அந்த எஸ்பி 12-க்குப் பெற்றோர் உரிமை என்று பட்டப்பெயர். நானும் ஒரு பெற்றோர்தான், என்னைக் கேட்டு எழுதவில்லை. எந்தக் கிளப்பில் சேர்ந்தாலும் பிள்ளை வீட்டிலிருந்து கையெழுத்து வாங்கி வர வேண்டுமாம். இந்தக் கிளப்புக்கு வருகிற பிள்ளைகளில் எத்தனை பேரால் சாப்பாட்டு மேஜையில் அந்தக் காகிதத்தை அப்பா முன்னால் நீட்ட முடியும்? நீ நீட்டியிருப்பாயா? நீட்டியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். போட்டிருப்பேன். முதலில் இது என்ன கிளப், யார் யார் வருவார்கள், மார்க் குறையாதா என்று ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் போட்டிருப்பேன், அது வேறு விஷயம்.

அப்புறம் பொதுவாக ஒன்று சொல்கிறேன், உனக்கென்று இல்லை, உங்கள் ஸ்டாஃப் ரூமில் யாருக்காவது பயன்படும். 2020 ஜூனில் பாஸ்டாக் என்று ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று சொல்லியிருக்கிறது, ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது. தீர்ப்பை எழுதியவர் கோர்சச், டிரம்ப் நியமித்த நீதிபதி. அது டெக்சஸுக்கும் பொருந்தும், பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும். கிளப் விஷயம் வேறு, இது வேறு. இரண்டையும் யாராவது சேர்த்துக் குழப்பினால் குழம்ப வேண்டாம். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் உன் ஸ்டூடன்ட் ஒருத்தி ஆரஞ்சு பேப்பரில் எழுதிக் கொடுத்த கார்டை நீ அம்மாவுக்கு போட்டோ அனுப்பினாயே, "மதியம் உட்கார ஒரு இடம் இருந்ததால்தான் நான் தினமும் ஸ்கூலுக்கு வந்தேன்" என்று. நான் லேபில் பிள்ளைகள் சாப்பிடுவதைச் சொல்கிறாள், ஆசிட் பக்கத்தில் டிஃபன் பாக்ஸா என்று திட்டினேன். இப்போதுதான் எந்த இடம் என்று புரிகிறது. அதைப் பிரின்ட் எடுத்து என் மேஜை மேல் வைத்திருக்கிறேன். இவ்வளவு நல்ல காரியம் செய்திருக்கிறாய், வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல என்ன? நாங்கள் என்ன செய்துவிடுவோம் என்று நினைத்தாய்?

வேலை போனால் போகட்டும் என்று வீரமாகப் பேசாதே. பென்ஷன் கணக்கு இருக்கிறது, கார் லோன் இருக்கிறது. போய்விட்டால் இங்கே வா, உன் ரூமை அம்மா தையல் மெஷினுக்கு எடுத்துக்கொண்டாள், நகர்த்திவிடலாம். ஆனால் நீயாக ராஜினாமா எழுதாதே. எழுதிக் கொடு என்று யார் சொன்னாலும் எழுதாதே, அவர்கள் எழுதட்டும்.

தீபாவளிக்கு அம்மா முறுக்கும் ரசப்பொடியும் அனுப்புகிறாள், செவ்வாய்க்கிழமை யூபிஎஸ்ஸில் போடுகிறேன். உன்னோடு தங்கியிருக்கிற அந்தப் பெண்ணுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது என்று ஒருமுறை சொன்னாய், ஞாபகம் வைத்துக்கொண்டு மிளகு குறைத்து இன்னொரு பாட்டில் தனியாக அரைத்திருக்கிறாள், மூடியில் பச்சை டேப் ஒட்டியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு வேலை எப்படிப் போகிறது? அவள் அப்பா அம்மா எந்த ஊர் என்று அம்மா கேட்கிறாள், நானும் கேட்டதாக வைத்துக்கொள்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வருவாய்தானே? புதன்கிழமை மதியம் ஹூஸ்டனிலிருந்து நேராக வருகிற விமானம் இருக்கிறது, விலை தினம் ஏறுகிறது. ஒரு டிக்கெட் போடட்டுமா, ரெண்டு டிக்கெட் போடட்டுமா என்று மட்டும் சொல், வெள்ளிக்குள் சொன்னால் நல்லது. ரெண்டு என்றால் அவள் பாஸ்போர்ட்டிலோ லைசென்ஸிலோ பெயர் எப்படி இருக்கிறதோ அதே மாதிரி எழுத்துக் கூட்டி அனுப்பு, போன தடவை மாமா டிக்கெட்டில் ஒரு எழுத்து மாறிப் பட்ட பாடு போதும்.

அன்புடன்,
அப்பா