ஏரிச் சிப்பிக்கு ஒரு பங்கு விடுவோம்

கிருஷ்ணகிரி மாவட்ட ஏரிப் பாசன விவசாயிகளுக்கு வணக்கம்.

கோடையில் ஏரி வற்றியதும் மாந்தோப்புக்கும் வயலுக்கும் வண்டல் அள்ளுகிறோம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. தூர் எடுப்பது ஏரிக்கும் நல்லது. ஆனால் அடிமண் முழுவதையும் ஒரே கோடையில் வழித்தெடுக்க வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தச் சேற்றுக்குள் சிப்பிகள் உயிரோடு இருக்கின்றன. நீர் வற்றும்போது இரு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு ஈரமண்ணில் புதைந்து மழைக்குக் காத்திருப்பவை அவை. ஏரி நிரம்பியதும் செவுள் வழியே நீரை இழுத்து, மிதக்கும் நுண்பாசியை வடித்து உண்ணும். நம் ஆடுமாடுகள் குடிக்கும் தண்ணீர் தெளிவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. பொக்லைன் வாளிக்கு மண்ணும் சிப்பியும் ஒன்றுதான். வண்டல் கொட்டிய வயல்களில் வாய் பிளந்து கிடக்கும் ஓடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கடலிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. ஸ்காலப் என்று ஒரு சிப்பி. விசிறி போன்ற ஓடு, அதன் விளிம்பில் 200 வரை கண்கள். ஓடுகளைப் படபடவென மூடித் திறந்து நீந்தவும் செய்யும். இரும்புச் சட்டம் பூட்டிய வலையால் கடலடியைச் சுரண்டி இதைப் பிடிக்கிறார்கள். அமெரிக்காவை ஒட்டிய ஜார்ஜஸ் பேங்க் கடற்பகுதியில் 1994 டிசம்பரில் பெரும்பரப்புகளில் இந்த வலைகளுக்கும் தடை வந்தது. காட் போன்ற மீன்களைக் காக்கத்தான் அந்தத் தடை. பலனை அள்ளியதோ ஸ்காலப். 1998இல் அளந்தபோது, பிடிக்கும் அளவுக்கு வளர்ந்த ஸ்காலப் தடைப்பகுதிக்குள் வெளியே இருந்ததைப் போல 14 மடங்கு செறிவாக இருந்தது.

நம் ஏரிச் சிப்பிக்கு நிலைமை இன்னும் கடினம். ஸ்காலப்பின் இளம்புழு வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து புது இடம் சேர்ந்துவிடும். ஏரிச் சிப்பியின் இளம்புழுவோ மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வளர்ந்த பிறகே உதிர்ந்து சேற்றில் இறங்குகிறது. மீன் வந்தால்தான் சிப்பி வரும். தென்பெண்ணை நீர் வரும் பாரூர் ஏரிக்கு அந்த வாய்ப்பு உண்டு. வரத்துக்கால் தூர்ந்து, மழையை மட்டும் நம்பி நிற்கும் சிற்றேரியில் சிப்பி ஒருமுறை அற்றுப்போனால் அதோடு போயிற்று.

ஆகவே, மதகை ஒட்டிய ஆழப் பள்ளத்தை விட்டுவிடுங்கள். ஈரம் கடைசிவரை நிற்பது அங்கேதான். மற்ற இடங்களையும் ஆண்டுக்கு ஒரு பகுதியாக, முறைவைத்து எடுக்கலாம். வண்டலில் உயிருள்ள சிப்பி தென்பட்டால் அந்தப் பள்ளத்துச் சேற்றில் போட்டுவிடச் சொல்லுங்கள். டிராக்டர் வாடகை பேசும்போதே ஓட்டுநரிடம் இதைச் சொல்லிவிட்டால் போதும், கூடுதல் செலவு கிடையாது.

என் தோப்புக்கும் வண்டல் தேவைப்படுகிறது. அந்தப் பள்ளத்திலிருந்து ஒரு கூடை மண்கூட எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு மா விவசாயி