நம் ஊர் ரயில் நிலையத்துக்கு ஒரு நினைவுக்கல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் தம்பின் – மலாக்கா கிளை ரயில் பாதையில் நம் ஊருக்கும் ஒரு ரயில் நிலையம் இருந்தது. அது இருந்த இடத்தில் நினைவுக்கல் நாட்டவும், பெரியவர்களின் நினைவுகளைச் சிறு நூலாக்கவும் எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்கு உங்கள் கை வேண்டும்.

பாதை திறந்தது 1905இல். மலாக்கா வணிகர் டான் சாய் யான் இங்கே புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டது 1896. கித்தா என்னும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய அந்த நாளில்தான் நம் முன்னோர் வந்து இறங்கினார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட அவனுக்குத் தண்டவாளமும் வேண்டும், ஆளும் வேண்டும். தண்டவாளத்தை நம் பாதையிலிருந்து கழற்றினான். ஆளைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து, கொண்டுபோனான். ஆசை காட்டியும் மிரட்டியும் அழைத்துப் போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காலராவிலும் பசியிலும் விழுந்த ஏராளமானோர் திரும்பவே இல்லை. சயாம் மரண ரயில் என்றால் வெளியுலகம் வெள்ளைக்காரக் கைதிகளைத்தான் நினைக்கிறது. நம்மவர்களுக்கு நாம்தானே கல் நாட்ட வேண்டும்?

போருக்குப் பிறகு நம் தம்பின் – மலாக்கா பாதையை யாரும் திரும்பப் போடவில்லை. இன்றும் ரயிலில் மலாக்கா போக, தம்பினை ஒட்டிய பூலாவ் செபாங் நிலையத்தில் இறங்கி பஸ்தான் பிடிக்க வேண்டும்.

நம்மிடம் மிஞ்சியது ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு. பழைய தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடிப் பெயர் கொடுக்க, அதைத்தான் அடிப்பார்கள். தொங்கவிடப் போட்ட துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. பக்கவாட்டில் இருந்த வார்ப்பெழுத்தைத் துரு பாதி தின்றுவிட்டது. இப்போது மாரியம்மன் கோயில் பின்கட்டில் கிடக்கிறது. மழை படாமல் அதைக் கல்லோடு சேர்த்துப் பொருத்த வேண்டும்.

கல், எழுத்து வெட்டு, சிறு கூரை, நூல் அச்சு எல்லாம் சேர்த்து 15,000 ரிங்கிட் தேவை. பத்து வெள்ளியானாலும் கொடுங்கள். கோயில் அலுவலகத்தில் ஞாயிறு காலை வாங்கிக்கொள்கிறோம், ரசீது கட்டாயம் உண்டு. வரவு செலவுக் கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டுவோம்.

அப்புறம், பணத்தைவிட முக்கியமான ஒன்று. உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யாராவது உண்டா? தாத்தாவோ, பெரியப்பாவோ, திரும்பி வந்தவரோ வராதவரோ, பெயரையும் தோட்டத்தையும் எழுதிக் கொடுங்கள். முழுப்பெயர் தெரியாவிட்டால் வீட்டில் கூப்பிட்ட பெயர் போதும். அதற்குக் காசு வாங்க மாட்டோம். தைப்பூசத்துக்குள் வந்துசேரும் பெயர்கள் எல்லாம் கல்லில் ஏறும்.

இப்படிக்கு,
நினைவுக்கல் ஏற்பாட்டுக் குழுவினர்