மொட்டை மாடியில் படம் போடும் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும் வணக்கம்.

மாடியில் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்ப்பது நல்ல காரியம். ஆனால் போடும் படம் பெரும்பாலும் டெலிகிராமில் இறக்கியதாகவோ, யாரோ ஒரு வீட்டின் ஓடிடி கணக்கிலிருந்து வருவதாகவோ இருக்கிறது. முதலாவது திருட்டு, விளக்கம் தேவையில்லை. பலர் சறுக்குவது இரண்டாவதில்தான். சந்தா கட்டியது உங்கள் வீட்டுக் கூடத்துக்கு மட்டும். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டாருக்குக் கொண்டுசேர்த்தால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதைப் பொதுமக்களுக்குக் காட்டியதாகவே எடுத்துக்கொள்ளும். "நம்ம பிளாக் ஆளுங்கதானே" என்பது எடுபடாது. போனிலிருந்து புரொஜெக்டருக்கு அனுப்பும்போது வசனம் மட்டும் கேட்டுத் திரை கறுப்பாக நிற்கிறதே, அது பெரும்பாலும் கேபிள் கோளாறு அல்ல. ஓடிடிக்காரர் போட்ட பூட்டு.

கேரள அரசின் ஓடிடி தளமான சி ஸ்பேஸ் 2024 முதல் பார்க்கும் படத்துக்கு மட்டும் காசு வாங்கி, பாதியைத் தயாரிப்பாளருக்குத் தருகிறது. வீட்டில் பார்க்க அருமையான வழி. மாடிக்கு அதுவும் ஆகாது.

படம் எடுத்தவரிடமே கேளுங்கள். தியேட்டரில் ஒரு வாரம் தாண்டாத, ஓடிடியும் வாங்காத நல்ல படங்கள் தமிழில் உண்டு. கடிதத்தில் படத்தின் பெயர், தேதி, இடம், நாற்காலி எண்ணிக்கை, ஒரே காட்சி என்பது இருந்தால் போதும். உரிமை பெரும்பாலும் இயக்குநரிடம் இருக்காது, தயாரிப்பாளரிடம் இருக்கும். அவரிடமும் "தியேட்டர் அல்லாத திரையிடல் உரிமை என்னிடமே உள்ளது" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வேறு யாருக்கோ விற்றபோது அதையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். தணிக்கைச் சான்றின் நகலும் வேண்டும். டிக்கெட் போடாதீர்கள், உரிமச் சிக்கல் வரும். சங்க நிதியிலிருந்து கொடுங்கள். 60 பேர், தலைக்கு 50 என்று வைத்தால் 3,000 ரூபாய். புத்தாண்டு இரவு கேக்குக்கு இதைவிட அதிகம் ஆகிறது.

"பழைய படம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?" என்பவர்களுக்கு: படத்தின் உரிமைக்காலம் வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். 1964இல் வெளியான படத்துக்கு 2024 கடைசியோடு தீர்ந்தது. பாட்டு வரிகளுக்குக் கணக்கு வேறு, எழுதியவர் மறைந்த ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். கண்ணதாசன் மறைந்தது 1981இல். அவர் வரிகளுக்கு 2041 வரை காப்பு உண்டு. ஆகவே விசாரிக்காமல் போடாதீர்கள்.

கோப்பு கைக்கு வந்தபின்தான் பாதித் தலைவலி. ஒன்றரை மணி நேரப் படம், நொடிக்கு 8 மெகாபிட் தரத்தில், சுமார் 5.4 ஜிபி வரும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. பெரிய கோப்பை ஏற்கும் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சில புரொஜெக்டர்கள் படிக்காது. லேப்டாப்பில் விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளை வைத்து ஓட்டுவதே நிம்மதி. தமிழ் சப்டைட்டில் புரியாத குறிகளாகத் தெரிந்தால், சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்துப் பாருங்கள். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும், வயர் போடுங்கள்.

10 அடி அகலப் படத்துக்கு 3,000 ஆன்சி லூமென் (புரொஜெக்டர் வெளிச்சத்தை அளக்கும் தர அளவு) தாராளம். பெட்டியில் வெறும் "லூமென்" என்று கொட்டை எழுத்தில் இருந்தால் நம்பாதீர்கள். வேட்டித் துணியைக் கட்டினால் கடற்காற்றில் பாய்மரமாகிவிடும், வெளிச்சமும் பின்னால் கசியும். மாடிப்படி அறையின் சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளை அடிப்பது மேல். தெருவிளக்கு நேராக விழாத சுவராகப் பாருங்கள். படத்தின் அடி விளிம்பு தரையிலிருந்து 4 அடியாவது உயர்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை விழுங்கிவிடும்.

இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. இரண்டரை மணி நேரப் படமென்றால் ஏழேகாலுக்கே தொடங்கிவிடுங்கள். மறுநாள் கோப்பை அழித்துவிட்டு, எத்தனை பேர் வந்தார்கள், எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று தயாரிப்பாளருக்கு இரண்டு வரி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் திரையிடல் நடத்தும் திரைப்படக் கழகத்தினர்